பொழுது சாயும் முன் விழுங்கிய பொட்டலம்

வசந்தா, செல்வம், உங்கள் இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை என்று போன தீபத்தன்று வசந்தா வருத்தப்பட்டாள். வாயால் சொல்ல எனக்குப் பயம். அதற்கு முந்தைய ஒரு வருஷம் நான் பேசியதெல்லாம் உளறல். இப்போது நிதானமாகப் பேசினாலும், கேட்கிறவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து போவதைப் பார்க்கிறேன். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. இஷ்டப்பட்டால் இரண்டு தடவை படித்து, சரியா தப்பா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் நான் பஸ் ஸ்டியரிங்கை விட்டேன். உங்கள் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். செல்வத்துக்கு பிலாயில் இரும்பு ஆலை வேலை, வசந்தாவுக்கு போளூரில் மாமியார் வீடு. சில வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன். சர்க்கரை வியாதி வந்த பிறகு அதுவும் முடியவில்லை. அடி அண்ணாமலைக்குப் போகிற வழியில் இருந்த முதியோர் இல்லத்தில் நானாகத்தான் போய்ச் சேர்ந்தேன். யாரும் என்னைக் கொண்டுபோய் விடவில்லை. இதை ஊரில் யாராவது மாற்றிச் சொன்னால் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

அங்கே முதல் நாள் காலையில், சர்க்கரை போடாத காபியை வாயில் வைத்து நான் முகம் சுளித்ததைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்.

"இன்னா டிரைவரே, உனக்கும் கஷாயம்தானா? வா வா. இந்த ஹால்ல நான் ஒருத்தன்தான் இதைக் குடிச்சிட்டிருந்தேன்."

அவர்தான் நயினார். செய்யாறு பக்கத்து ஜைனக் குடும்பம். நிலத்தைத் தம்பி பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தவர், சொந்தப் பிள்ளை இல்லை. "மலைக்காக வந்தீங்களா?" என்று கேட்டேன். "மலை உங்களுது. காத்து எல்லாருக்கும் பொது," என்றார். நல்ல வாட்டசாட்டமான ஆள். வெங்காயம், உருளைக்கிழங்கு தொட மாட்டார். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. அது அவர்கள் குலத்து வழக்கம். அதனால் சமையல்கட்டில் அவருக்கு மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே தட்டு வைத்துவிடுவார்கள். மத்தியானச் சோறும் மோரும் இருக்கும், இல்லாவிட்டால் இட்லி. அத்தனை பெரிய கூடத்தில் ஒரே ஆள் உட்கார்ந்து சாப்பிடுவார்.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாற்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஓட்டல்களில், கண்டக்டர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவன் நான். நானும் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும் வெயில் தாழ்ந்ததும் அவர் என் கட்டிலைத் தட்டுவார்.

"டிரைவரே, வண்டி எடுக்கலாமா?"

"ரைட் நயினாரே."

இருவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம். மற்றவர்கள் ராத்திரி சாப்பிடும் நேரத்தில் எனக்குப் பசி இருக்காது, படுத்துவிடுவேன். என் ஆயுசில் தினமும் கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் கிடைத்தது அப்போதுதான். உங்கள் அம்மாவோடுகூட அது வாய்த்ததில்லை. நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள்.

இனி மாத்திரைக் கதை. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

நம் ஊருக்கு எங்கெங்கிருந்தோ டாக்டர்கள் சாமி கும்பிட வருவது உங்களுக்குத் தெரியும். செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்குவார்கள், மலை சுற்றுவார்கள். சுற்றுகிற வழியில் இல்லத்தைப் பார்த்தால் உள்ளே வருவார்கள். கிழவர்கள் நாலு பேருக்கு நாடி பார்த்தால் புண்ணியம். வருகிறவர் வெறுங்கையோடு வர மாட்டார், கம்பெனிக்காரன் கொடுத்த மாத்திரை பை நிறைய இருக்கும். யாரும் கெட்டவர் இல்லை. எங்கள் காலைத் தொட்டுப் பார்த்து, பெயர் கேட்டு, மெதுவாகப் பேசுவார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒன்று கொடுத்துவிட்டுப் போவார். முன்னே கொடுத்ததை நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. கொடுத்தவர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போயிருப்பார். அவர் இல்லாதபோது அவர் கொடுத்ததை நிறுத்துவது மரியாதை இல்லை என்று இல்லத்தில் நினைத்தார்கள். அடுத்த வருஷம் வந்து "என் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கோயிலில் கொடுத்த விபூதியை யாராவது வேண்டாம் என்று திருப்பித் தருவார்களா? மாத்திரையும் அங்கே அப்படித்தான் ஆகிவிட்டது.

சர்க்கரைக்கு டவுன் டாக்டர் கொடுத்தது வெள்ளை. பம்பாய்க்காரர் கொடுத்தது நீலம். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. அதனால் எழுந்தால் தலை சுற்றியது, சுற்றலுக்கு ஒன்று. சுற்றல் மாத்திரை சாப்பிட்டு கை நடுங்கியது, நடுக்கத்துக்கு ஒன்று. நடுக்க மாத்திரையில் வாய் உலர்ந்து, மனசு எங்கேயோ அலைந்தது, தூக்கம் போனது. தூக்கத்துக்கு ஒன்று. எனக்கு இதெல்லாம் பின்னால் விளங்கிய கணக்கு. அப்போது எனக்கு வியாதிதான் ஜாஸ்தி ஆகிறது என்று நினைத்தேன். கூடத்தில் அதற்கு ஒரு பெருமையும் உண்டு. யாருக்குப் பொட்டலம் பெரிதோ அவர் பெரிய ஆள்.

"உன்னுது இன்னாய்யா, குழந்தைப் பொட்டலம் மாதிரி இருக்குது? என்னுதைப் பாரு," என்று வாசல் ஓரத்துக் கட்டில்காரர் காட்டுவார். நானும் நயினாரும் அதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

மாத்திரை கொடுப்பது ராஜம்மா. நல்ல மனசு, ஓயாத வேலை. சாயங்காலத்துக்கு ஒரு பொட்டலம், ராத்திரிக்கு ஒரு பொட்டலம், பேப்பரில் மடித்து வைத்திருப்பாள். நயினார் இருட்டிய பிறகு தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாரே. அதனால் அவருக்கு இரண்டு பொட்டலத்தையும் ஒன்றாக்கி, சாப்பாட்டோடேயே கொடுத்துவிடுவாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"அப்பா, உன்னுதையும் இப்பவே போட்டுக்கிறியா? எனக்கு ஒரு நடை மிச்சம்."

"கொடும்மா. அதுக்கின்னா இப்போ?"

நயினார் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, "டிரைவரே, இதைத் தின்னாலே வயிறு ரொம்பிடும் போல. மோரு வேணாம்னு சொல்லிடு," என்பார். சிரித்துக்கொண்டே விழுங்குவோம்.

அப்புறம் காலை நேரங்களில் எனக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. விடியும்போது உடம்பெல்லாம் தெப்பலாக வேர்த்திருக்கும். எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. ஷெட்டில் வண்டி நிற்கிறது, சாவி எங்கே என்று தலையணைக்கு அடியில் தேடுவேனாம். காபியும் இட்லியும் உள்ளே போனால் கொஞ்சம் தெளியும். மத்தியானம் தூக்கம் அமுக்கும். வசந்தா, நீ போளூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த நாட்களில் நான் உன்னை உங்கள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். ஒரு காலையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நயினார் பஸ்சுலயே தூங்கிட்டாரு, செய்யாத்துல இறக்கி விடணும், ஓடு," என்று அழுதேனாம். நீ பதறிப்போய் ஓடிப் பார்த்தாய். அவர் முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கைகூட நடுங்கவில்லையாம். அவர் உடம்பு வாகு அப்படி. பொழுதுக்கு முன்னேயே வயிறு நிறையச் சாப்பிட்டுப் பழகியவர்.

"என்னை இறக்கி விடறது இருக்கட்டும். உங்கப்பனை யாராவது ஏத்தி விடுங்கம்மா," என்று உன்னைச் சிரிக்க வைத்துத்தான் அனுப்பினாராம்.

புத்தி பேதலித்துப் போச்சு, வயசானால் இப்படித்தான் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். நான் பார்த்திருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன். அதற்கும் ஒரு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு விடியலில் குளியலறைப் பக்கம் விழுந்து நெற்றி கிழிந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கையில் ஊசி, மேலே தலைகீழாகத் தொங்கும் குளுக்கோஸ் பாட்டில். வசந்தா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பிளாஸ்கில் வெந்நீர் வாங்கி வந்திருந்தார்.

அந்த வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டில் போதாமல் தரையிலும் நோயாளிகள். ஜன்னலுக்கு வெளியே மலை தெரியும், மழைமேகம் அதன் இடுப்பு வரைக்கும் இறங்கியிருக்கும். பக்கத்துக் கட்டிலில் நிலக்கடலை வியாபாரி ஒருவர், என்னைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் அவர்தான் விவரம் சொல்வார். காலையில் சிறுநீரைப் பிடித்து ஒரு நீலத் தண்ணீரில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை, பச்சை என்றால் கொஞ்சம், செங்கல் நிறம் என்றால் ரொம்ப. என்னுடையது அப்படியே நீலமாக நின்றது. "பாஸ்!" என்றார் கடலைக்காரர். ரத்தத்தை எடுத்துப் பார்த்த டாக்டரம்மாதான் சிரிக்கவில்லை.

தெற்கத்திப் பக்கத்துப் பெண், சின்ன வயசு. வசந்தாவைப் பார்த்து, "ஐயா சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. சீட்டு வேண்டாம், மாத்திரையைக் கொண்டு வாங்க," என்றாள். வசந்தா இல்லத்துக்குப் போய் ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டு வந்தாள். டாக்டரம்மா பையை என் போர்வைமேல் கவிழ்த்தாள். கடலைக்காரர் எட்டிப் பார்த்து, "தேர்க்கடையில விக்கிற மிட்டாய் மாதிரி இருக்குது," என்றார்.

அவள் வெள்ளையையும் நீலத்தையும் தனியே எடுத்து வைத்தாள். "ரெண்டும் ஒரே மருந்து. பேருதான் வேற." பிறகு என்னிடம் குனிந்து, "ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"ராத்திரி ஒண்ணும் இல்லம்மா. பொழுதோடயே முடிஞ்சிடும்."

"இந்த மாத்திரைய எப்ப போடுவீங்க?"

"அதுவும் பொழுதோடதான்."

அவள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். சர்க்கரை ஏறினால் மட்டும் ஆபத்து இல்லை, இறங்கினாலும் ஆபத்து. மூளைக்குச் சர்க்கரைதான் தீனி. மாத்திரை ராத்திரி முழுவதும் வேலை செய்கிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. விடியும்போது மூளை பட்டினி. மற்ற மாத்திரைகள் மிச்சமிருந்த புத்தியையும் அமுக்கிவிட்டன. எனக்குச் சட்டென்று விளங்கியது. டீசல் இல்லாத வண்டியைத் தினமும் விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணி, ஹாண்ட் பிரேக்கையும் போட்டுவைத்த கதைதான். உதறாமல் என்ன செய்யும்?

மாத்திரைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். சிலதைச் சட்டென்று, சிலதைப் பாதிப் பாதியாக. அந்த நாட்கள் லேசாகப் போகவில்லை. தூக்கம் வரவில்லை, எரிச்சல் வந்தது. மாப்பிள்ளை எனக்குச் சவரம் செய்துவிட்டபோது அவரைக்கூடத் திட்டினேன். அவர் சோப்பைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கன்னம் பாக்கி இருக்குது மாமா. திட்டி முடிங்க," என்று காத்திருந்தார். பெற்ற பிள்ளை செய்வான். இவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். செல்வம் பிலாயிலிருந்து டிரங்க் கால் போட்டு, கடலைக்காரரின் கடைக்குச் சேதி சொல்லி அனுப்பினதும் எனக்குத் தெரியும்.

ஒரு காலையில் கண்ணைத் திறந்தேன். வேர்வை இல்லை. மலை மலையாக இருந்தது, வசந்தா வசந்தாவாக இருந்தாள். "கொஞ்சம் மோர் கொடும்மா," என்றேன். குடித்தேன். குடித்ததும் ஞாபகம் வந்தது.

"வசந்தா, நயினாருக்கும் அதே பொட்டலம்தான். அவரும் பொழுதோடதான் போடறாரு. போய்ச் சொல்லு, இன்னிக்கே சொல்லு."

நீ என் போர்வையைச் சரி செய்தாய். "சரிப்பா. சொல்றேன். நீ படு."

"படுக்கிறது இருக்கட்டும். வெள்ளையும் நீலமும் அவருக்கும் உண்டு. ராத்திரி அவரு வயித்துல ஒண்ணும் இருக்காது."

"சரிதான்பா. இறக்கி விட்டுடலாம்."

இறக்கி விட்டுடலாம் என்றாய். அந்த வார்த்தையில்தான் எனக்குத் தெரிந்தது, நீ எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று. பஸ்சில் தூங்கிய நயினாரைத்தான் நான் மறுபடியும் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாய். கத்தினேன். கத்தியது இன்னும் கெடுதலாகப் போயிற்று. நர்சம்மா ஓடி வந்தாள். "நல்லாத்தானே இருந்தாரு, காலையிலேர்ந்து," என்று கடலைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் கேட்டேன். "சொன்னியா?"

"சொல்லிட்டேன்பா."

"இன்னா சொன்னாரு?"

"சரின்னாரு."

நயினார் வெறுமனே "சரி" என்று சொல்கிற ஆள் இல்லை. வாயைத் திறந்தால் ஒரு கேலி இருக்கும். நீ போகவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. புத்தியில்லாமல் கிடந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, சொல்ல வாயும் இருக்கிறது, ஆனால் சொல் யாரிடமும் போய்ச் சேரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. டாக்டரம்மா முந்தின நாளும் வரவில்லை, அன்றும் வரவில்லை. திங்கட்கிழமை அவள் வார்டுக்குள் நுழைந்ததும் எழுந்து உட்கார்ந்தேன். கத்தவில்லை. பாஸ் ஆக வேண்டிய பையன் மாதிரி மெதுவாக, என் பெயர், கிழமை, பிள்ளைகள் இருக்கும் ஊர் எல்லாம் முதலில் சொன்னேன். பிறகு நயினாரின் வழக்கத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. "ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்டாள். நான் வசந்தாவைப் பார்க்கவில்லை. "இப்பத்தான் ஞாபகம் வந்துது," என்றேன்.

மாப்பிள்ளை சைக்கிளில் பறந்தார். ஆனால் நயினாரை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி எதிரிலேயே வந்ததாம். காலையில் காபிக்கு எழுப்பியிருக்கிறார்கள், எழவில்லை. தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

அவரை என் எதிர்க் கட்டிலில் போட்டார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ராஜம்மா தலையில் அடித்துக்கொண்டு என் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போனதுலேர்ந்து அவரு சரியாவே சாப்பிடலப்பா. உன் எடத்தைப் பார்த்துட்டு ரெண்டு வாய் மோர்ச்சோறு, அவ்வளவுதான். மாத்திரைய மட்டும் ஒழுங்கா போட்டுக்கிட்டாரு. எனக்கு ஏன் கஷ்டம்னு, அவரே வாங்கிப் போட்டுக்கிட்டாரு."

இதைக் கேட்டபோது நான் அழவில்லை. வார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதால் மறுபடியும் புத்தி போச்சு என்பார்களோ என்று அடக்கிக்கொண்டேன். அதையும் இப்போது நினைத்து வருத்தப்படுகிறேன். அவருக்காக அழ வேண்டிய நேரத்தில் என் புத்தியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். பொழுது சாய்ந்தது, வார்டில் விளக்குப் போட்டார்கள். ஆயுசில் இருட்டிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தொடாத மனிதரின் கையில் சர்க்கரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணைத் திறந்திருந்தால் என்னைப் பார்த்து ஏதாவது கேலி செய்திருப்பார். திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். தம்பி பிள்ளைகள் வந்து செய்யாறுக்குக் கொண்டுபோனார்கள். "செய்யாத்துல இறக்கி விடணும்" என்று நான் உளறியது அப்படி நடந்து முடிந்தது.

வசந்தா, அன்று வராந்தாவில் நீ என் காலைக் கட்டிக்கொண்டு, "நான் போகலைப்பா, போகவே இல்லைப்பா," என்று அழுதாய். நான் உன் தலையில் கை வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். ஒரு வருஷம் முழுக்க என் ஒவ்வொரு உளறலுக்கும் ஓடினவள் நீ. அவர் பஸ்சில் தூங்குகிறார் என்று சொன்னபோதும் ஓடிப் போய்ப் பார்த்தாய். ஓடி ஓடிக் களைத்தவள் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டாய். அந்த ஒரு தடவை நான் சொன்னது நிஜமாக இருந்தது. இதில் உன்மேல் என்ன குற்றம்? கொடுத்த டாக்டர்கள் மேலும் இல்லை, ராஜம்மா மேலும் இல்லை. எல்லாரும் நல்லது செய்யத்தான் வந்தார்கள். நல்லதை யாராவது ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கலாம். அந்த வருத்தம் மட்டும் எனக்குத் தீரவில்லை.

இல்லத்தில் அதற்குப் பிறகு யார் வந்து மாத்திரை கொடுத்தாலும் டாக்டரம்மாவிடம் காட்டாமல் கொடுப்பதில்லையாம். ராஜம்மா சொன்னாள்.

இப்போது போளூர் வீட்டில் எனக்கு இரண்டே மாத்திரை. டாக்டரம்மா சொன்னபடி, விளக்கு வைத்த பிறகு சாப்பாட்டோடுதான் போட வேண்டும். ஆனால் வெயில் தாழ்ந்ததும் எனக்குப் பசி எடுத்துவிடுகிறது. பழக்கம். அந்த நேரத்தில் வசந்தா கை வேலையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். எதற்கு உட்கார்கிறாள் என்று அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. நேற்று வெளிச்சம் மங்குகிற நேரத்தில், "பசிக்குதாப்பா?" என்றாள்.

"பசிக்குது."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

உடனே எழுந்துபோய்த் தட்டை எடுத்து வந்தாள்.